துளசிமணியின் கிருமி

கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்த டாக்டர் வசந்தகோகிலம், அதை மேஜையில் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"டிஸ்க் பழசா இருக்குமோன்னு புது டப்பா ஒடச்சுப் போட்டேன் மேடம்" என்றாள் ஆய்வக உதவியாளர் நஸ்ரின். "அப்பவும் இதேதான்."

தட்டு முழுக்கக் கிருமி பரவி, பாலேடு படிந்ததுபோல வெளுத்திருந்தது. அதன்மேல் பொட்டளவில் வட்டக் காகித வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மருந்து. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக ஒரு வளையம் விழும். கோகிலம் இந்த வேலைக்கு வந்த புதிதில் வளையங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் அளவுக்கு அகலமாக விழுந்தன. வருஷத்துக்கு வருஷம் அவை சுருங்குவதைப் பார்த்தபடியேதான் அவர் தலை நரைத்தது. இன்று எந்த வில்லையைச் சுற்றியும் எதுவும் இல்லை. இதற்குமேல் வேறு கிடையாது என்று பூட்டி வைத்திருந்த மருந்தின் வில்லைமீதே கிருமி ஏறிப் படர்ந்திருந்தது.

"எந்தக் குழந்தையோட சாம்பிள்?"

"நொய்யலூர் ஜி.எச். பச்சைக்குழந்தைங்க வார்டு." நஸ்ரின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குழந்தை காலையிலேயே போயிருச்சு மேடம். இதோட மூணு."

கோகிலம் நாற்காலியில் உட்கார்ந்தார். படிப்பு முடித்த நாள் முதல் அவர் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். கூட்டங்களில் படம் போட்டுக் காட்டி, இப்படி ஒன்று வரும் என்று பேசியிருக்கிறார். இன்று அது வந்து எதிரே உட்கார்ந்திருந்தது.

"கிளைவழியில போடு" என்றார்.

கிளைவழி அவர் எழுதிய கணினி நிரல். கிருமி ஒவ்வொரு முறை பெருகும்போதும் தன் மரபணுவைப் படியெடுக்கிறது. படியெடுப்பதில் எப்போதாவது ஓர் எழுத்துப் பிழை விழும். அந்தப் பிழை அதன் வாரிசுகள் எல்லோருக்கும் போகும். பிழைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் எது எதற்கு உறவு என்று தெரிந்துவிடும். ஒரு வார்டில் யாரிடமிருந்து யாருக்குக் கிருமி போனது என்பதைக் கிளைவழி ஒரு மரமாக வரைந்து காட்டும். அரசாங்கம் அதை எல்லா மாவட்டங்களிலும் நிறுவியது. கோகிலத்துக்குப் பொன்னாடையும் பட்டயமும் கிடைத்தன.

அடுத்த வருஷமே சட்டம் வந்தது. மருந்துக்கு அடங்காத கிருமியை உடம்பில் சுமப்பவர்களுக்கு, நோய் ஏதும் இல்லாவிட்டாலும், 'தாங்கிகள்' என்று பேர். கிருமி நீங்கும்வரை அவர்களைத் தனியே வைக்கலாம். மருந்தே இல்லாத கிருமி எப்படி நீங்கும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. அப்போது கோகிலமும் யோசிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் மரம் வந்துவிட்டது. மூன்று கிளைகளும் கீழே போய் ஒரே அடிமரத்தில் சேர்ந்தன. அங்கே ஒரு பெயர் இருந்தது: துளசிமணி. அதே வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். யாரும் சாவதற்கு வெகுகாலம் முன்பே, ஊழியர்களுக்கான வழக்கமான பரிசோதனையில் எடுத்த சாம்பிள் அவளுடையது. அப்போது அதை யாரும் முழுதாகப் படிக்கவில்லை.

மாவட்டச் சுகாதார இணை இயக்குநர் அறவாழி போனில் கேட்டார்: "உறுதியா சொல்றீங்களா மேடம்?"

"மரம் சொல்லுது சார்."

துளசிமணியை மேட்ரன் அறைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். சின்ன உருவம். உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கோகிலம் முகக்கவசத்தைக் கழற்றாமல் அறையின் மறுகோடியிலிருந்து விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமே இல்லீங்களே மேடம். ஒரு சளி காச்சல்கூட இல்லீங்க."

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது சிஸ்டர். உங்க குடல்ல சும்மா உக்காந்திருக்கு. குறைமாசத்துல பொறந்த குழந்தைக்கு அதைத் தாங்கற சக்தி கிடையாது."

"கை கழுவாம நான் ஒரு சாமியைக்கூடத் தொட்டதில்லீங்க. வேணும்னா மேட்ரன் அம்மாவைக் கேளுங்க." வார்டுக் குழந்தைகளை அவள் சாமி என்றுதான் சொல்வாள்.

மேட்ரன் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

துளசிமணி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நான்தான் அந்த மூணு சாமிங்களையும் கொன்னுபோட்டனுங்களா மேடம்?"

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். பிறகு பல நாள் கோகிலம் அதை நினைத்துப் பார்த்தார். அந்த நிமிஷம் வாயில் வந்தது இதுதான்: "மரம் அப்படித்தான் காட்டுது."

மூடிக்கிடந்த ஒரு நூல்மில்லின் குவார்ட்டர்ஸை ஊருக்கு வெளியே தாங்கிகளுக்காகத் தயார் செய்திருந்தார்கள். அன்றே துளசிமணியை அங்கே கொண்டுபோனார்கள். அவள் புருஷன் சென்னியப்பன் தறிப்பட்டறையிலிருந்து பஞ்சு ஒட்டிய சட்டையோடு ஓடிவந்து, கம்பிவேலிக்கு வெளியே நின்று அவள் பேரைச் சொல்லிக் கத்தினான். அவள் ஜன்னலுக்கு வரவில்லை.

அதன்பின் நொய்யலூரைப் பயம் பிடித்தது. டீக்கடைகளில் கண்ணாடிக் கிளாஸ் போய்க் காகிதக் கப் வந்தது. பிறகு அதையும் யார் தொட்டானோ என்று ஜனங்கள் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவந்தார்கள். கண்டக்டர் சில்லறையைக் கையில் தராமல் சீட்டில் போட்டார். நர்ஸுகளுக்கு வாடகைக்கு விட்டவர்கள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நிறைமாசப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று வீட்டிலேயே வலியோடு கிடந்தார்கள்.

கிளைவழி மேலும் மேலும் பேர்களைச் சொன்னது. துளசிமணி பார்த்துக்கொண்டு, நல்லபடியாக வீடு திரும்பியிருந்த குழந்தைகளில் பலருக்கும் அந்தக் கிருமி இருந்தது. அவர்களின் தாய்மார்களுக்கும் இருந்தது. ஆம்புலன்ஸ் தெருத்தெருவாகப் போய் அவர்களை மில் குவார்ட்டர்ஸுக்கு ஏற்றி வந்தது. தொட்டில் கட்ட ஜன்னல் கம்பி போதாமல் கட்டிலுக்குக் கட்டில் சேலை கட்டினார்கள்.

கோகிலம் ஒவ்வொரு வாரமும் தன்னைத்தானே பரிசோதித்துக்கொண்டார். கழுவிக் கழுவி விரல் இடுக்குகளில் தோல் வெடித்தது. சமையலுக்கு வரும் பெண்ணை நிறுத்திவிட்டார். எதைத் தொட்டாலும் அதில் அந்த வெளுத்த பாலேடு படிந்திருப்பதுபோலத் தோன்றியது.

தாங்கிகள் எல்லோரும் போன பிறகு வார்டு அடங்கியிருக்க வேண்டும். ஆனால் அடங்கவில்லை. முன்னைவிட வேகமாகக் குழந்தைகள் செத்தன.

"இன்னும் எவனோ ஒரு தாங்கி உள்ளே ஒளிஞ்சிருக்கான் மேடம்" என்றார் அறவாழி. அவர் கண் இரண்டும் குழிவிழுந்திருந்தன. "கண்டுபிடிங்க. கலெக்டர் ஆபீசுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

டாக்டர்கள், நர்ஸுகள், துப்புரவுக்காரர்கள், லிப்ட் இயக்குபவர் வரை எல்லோரையும் சோதித்தார்கள். ஒருவரிடமும் இல்லை. கோகிலம் வார்டுக்குப் போனார். புதிதாக வந்த நர்ஸுகள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, குழந்தைகளைத் தொடவே அஞ்சி நின்றார்கள். வாசலில் இருந்த தொட்டியில் எல்லோரும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேயிருந்தார்கள். குழாய்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அழும் தெம்புள்ள குழந்தை ஒன்றுகூட அங்கே இல்லை.

ஆய்வகத்துக்குத் திரும்பியபோது நஸ்ரின் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு மட்டும் இடிக்குது மேடம். மில் குவார்ட்டர்ஸ்ல இருக்கற குழந்தைங்க எல்லாத்துக்கும் இந்தக் கிருமி இருக்கு. தாங்கின்னு நாமளே எழுதிக் குடுத்திருக்கோம். ஆனா அதுல ஒண்ணுகூடச் சாகல."

கோகிலம் நின்றுவிட்டார்.

"ரெண்டு கிலோகூட இல்லாத குழந்தையெல்லாம் அங்கே கொழுக் மொழுக்குன்னு இருக்கு மேடம். இங்கே வார்டுலதான் சாகுது. ரெண்டும் ஒரே கிருமின்னா எப்படி?"

இருவரும் உட்கார்ந்து இரண்டு மரபணுக்களையும் வரிவரியாக ஒப்பிட்டார்கள். கிளைவழி அப்படிச் செய்வதில்லை. அது எழுத்துப் பிழைகளை மட்டும் எண்ணும். விட்டுப்போன பகுதிகளைத் தாண்டிப் போய்விடும்.

"இங்கே பாருங்க மேடம். செத்த குழந்தைங்ககிட்ட இருக்கற கிருமிக்குத் தடிமனா ஒரு மேலுறை இருக்கு. அதுதான் ரத்தத்துல போய் விளையாடுது. துளசி சிஸ்டரோடதுல அந்த மேலுறைக்கான பகுதியே கிடையாது. மொத்தமா அறுந்து போயிருக்கு. மருந்துக்கு அடங்காத குணம் மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணு."

"தாய்கிட்ட இல்லாத ஒரு பகுதி, பிள்ளைகிட்ட அதே இடத்துல, ஒரு எழுத்து மாறாம எப்படி வரும்?"

"வராது மேடம்." நஸ்ரின் திரையில் விரலை வைத்தாள். "அப்படின்னா அதுதான் தாய். துளசி சிஸ்டர்கிட்ட இருக்கறதுதான் பிள்ளை. மரம் தலைகீழா இருக்கு."

"வேர் எதுன்னு கிளைவழி எப்படி முடிவு பண்ணுது?"

"எந்தச் சாம்பிள் முதல்ல எடுத்ததோ, அதை."

அந்த வரியை எழுதியது யார் என்று கோகிலம் கேட்கவில்லை. நஸ்ரினும் சொல்லவில்லை.

கொல்லும் கிருமி ஊழியர் ஒருவரிடமும் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறது? மறுநாள் வார்டில் சுவர், தரை, கட்டில், குழாய் என்று ஒன்றுவிடாமல் சுரண்டி எடுத்தார்கள். கை கழுவும் தொட்டிக்கு அடியில், வளைந்த வடிகால் குழாய்க்குள் அது கோழைபோலப் படிந்திருந்தது. தண்ணீர் விழும் வேகத்தில் கண்ணுக்குத் தெரியாத சாரலாகத் தெறித்துக் கழுவிய கைகளின்மேலேயே அமர்ந்தது. பயந்து பயந்து எவ்வளவு கழுவினார்களோ அவ்வளவுக்குக் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தது.

அறவாழி சுவரை உடைத்துக் குழாயைப் பிடுங்க ஆள் அனுப்பினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "இனிமே சாவு நின்னுருமா?" என்று கேட்டார்.

"புதுசா வர்ற குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப உள்ளே இருக்கற குழந்தைங்களுக்கு ஏற்கெனவே ஒட்டியிருக்கும். இன்னும் ரத்தத்துல இறங்கல. இறங்கிருச்சுன்னா நம்மகிட்ட மருந்து இல்ல." கோகிலம் ஒப்பீட்டுத் தாளை மேஜையில் விரித்தார். "துளசிமணி குடல்ல அது ரொம்ப நாள் இருந்திருக்கு சார். அங்கே சண்டை போட வேண்டிய அவசியமில்ல. கத்தியைத் தூக்கிப் போட்டுட்டுச் சாதுவாயிருச்சு. அவங்க தொட்ட குழந்தைங்களுக்கு அந்தச் சாதுதான் முதல்ல போயிருக்கு. பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கற மாதிரி. பின்னாடி வந்த கொலைகாரனுக்கு உக்கார இடமில்ல."

"நாமதான் துண்டை எடுத்துட்டோம்னு சொல்றீங்க."

"ஆமா சார்."

"இப்ப என்ன பண்ணணும்?"

"அவங்க கிருமியை ஆய்வகத்துல வளத்து, ஒவ்வொரு குழந்தை வாயிலயும் ஒரு சொட்டு விடணும். கொலைகாரன் ரத்தத்துல இறங்கறதுக்குள்ள சாது அவன் இடத்தைப் பிடிச்சுக்கும்."

அறவாழி எழுந்தே விட்டார். "எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை நாமளே குழந்தைக்கு ஊத்தறதா? நாளைக்கு அது மறுபடியும் கத்தியை எடுத்துக்கிட்டா?"

"எனக்கும் அந்தப் பயம்தான் சார். வேற வழி இருந்தா சொல்லுங்க."

அறவாழி மறுபடி உட்கார்ந்தார். ஆணையில் கையெழுத்துப் போட்டார்.

கோகிலம் மில் குவார்ட்டர்ஸுக்குத் தனியாகப் போனார். இந்தமுறை முகக்கவசம் போடவில்லை. துளசிமணி இளைத்து, கன்னம் ஒட்டியிருந்தாள். கோகிலம் எல்லாவற்றையும் சொன்னார். மரம் தலைகீழ் என்பதை, தொட்டியை, வேர் எது என்று தீர்மானித்த வரியைத் தானே எழுதியதை. "நீங்க யாரையும் கொல்லல துளசி. நீங்க தொட்ட குழந்தைங்கதான் பொழச்சுது. அந்த மூணு குழந்தைகிட்டயும் உங்களுக்கு முன்னாடி அந்தக் குழாய்க் கிருமி போயிருச்சு. தப்பு என்னோடது."

துளசிமணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு, "தெனமும் அந்த மூணு சாமிங்களையும் நெனச்சு நெனச்சுத்தானுங்க மேடம் சோத்துல கை வெச்சேன்" என்றாள். "எத்தன நாள் எறங்காம அப்படியே வெச்சிருக்கறன்."

"மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

"கேக்காதீங்க." அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். "என்ன வேணுமோ எடுத்துக்கங்க. ஆனா அந்த வார்டு வாசலை நான் மிதிக்க மாட்டனுங்க. என்ற கையை நெனச்சாலே எனக்குப் பயமா இருக்குது."

ஆனாலும் அவள் வரவேண்டியதாயிற்று. சொட்டு தயாரானபோது தாய்மார்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. கிருமி என்று கேட்டதுமே குழந்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "நீங்க சொல்லித்தானே அந்த சிஸ்டரைப் புடிச்சிட்டுப் போனாங்க? இப்ப நீங்களே வேற சொல்றீங்க. எதை நம்பறதுங்க?" என்று ஒருத்தி கோகிலத்தின் முகத்துக்கு நேராகக் கேட்டாள். பேசிக்கொண்டிருந்தபோதே மூலையில் ஒரு குழந்தைக்கு உடம்பு நீலம் பாரித்தது.

சென்னியப்பன் ஸ்கூட்டரில் துளசிமணியைக் கொண்டுவந்து இறக்கினான். வாசற்படியில் அவள் கால்கள் நின்றுவிட்டன. அவளைப் பார்த்ததும் நான்கைந்து தாய்மார்கள் எழுந்து நின்றார்கள். "நீங்க சொல்லுங்க சிஸ்டர். குடுக்கலாமுங்களா?"

துளசிமணி கோகிலத்தைப் பார்த்தாள். "இது மறுக்கா மாறிப்போயிராதுன்னு சத்தியம் பண்ணுவீங்களா மேடம்?"

"அறுந்தது தானா முளைக்காது. ஆனா வேற கிருமிகிட்டேயிருந்து வாங்கிக்க முடியும். சத்தியம் பண்ண முடியாது துளசி."

அவள் கண்ணை மூடினாள். திறந்து, சொட்டுக்குழலை வாங்கினாள். முதல் தொட்டிலுக்குப் போய், உள்ளங்கை அளவே இருந்த ஒரு குழந்தையின் உதட்டை விரலால் லேசாகப் பிரித்து, "குடிச்சுக்க சாமி" என்று முணுமுணுத்தாள். தான் அழுவதைக் குழந்தையின் தாய் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீலம் பாரித்திருந்த குழந்தை அன்றே இறந்தது. மற்றவை பிழைத்தன. ஒரு வாரம் கழித்து வார்டில் ஒன்று வீறிட்டு அழுதது. உடனே இன்னொன்றும் அழுதது. வராந்தாவில் நின்றிருந்த நஸ்ரின் சுவரில் சாய்ந்து விசும்பினாள்.

மில் குவார்ட்டர்ஸைத் திறந்துவிட்டார்கள். மேற்கொண்டு ஆராயாமல் அந்தச் சொட்டை வேறெங்கும் கொடுக்கக்கூடாது என்று கோகிலம் உறுதியாக நின்றார். கிருமி ஊருக்குள் பரவினால் நாளை என்னவாகும் என்று அவருக்கே தெரியாது. அரசாங்கமும் ஒப்புக்கொண்டது. மறுநாள் பேப்பரில் துளசிமணியின் படம் வந்தது. கை பட்டால் குழந்தை பிழைக்கும் என்று தலைப்புப் போட்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, துளசிமணி வரச்சொன்னாள் என்று சென்னியப்பன் போன் செய்தான். கோகிலம் போனபோது தெருமுனையிலேயே காரை நிறுத்தவேண்டி வந்தது. கரூரிலிருந்தும் பழனியிலிருந்தும் வந்த பெண்கள், துணியில் சுற்றிய குழந்தைகளோடு வெயிலில் வரிசை கட்டியிருந்தார்கள். வீட்டு வாசலில் தடுப்பு வைத்து ஒரு போலீஸ்காரரை நிறுத்தியிருந்தார்கள். வீட்டின் பின்பக்கம் குளியலறைத் தண்ணீர் போகும் சாக்கடைக்குப் பக்கத்தில் சென்னியப்பன் கம்போடு நின்றான்.

"பாட்டில்ல மொண்டுக்கிட்டுப் போறாங்க மேடம்" என்றான். "சாக்கடைத் தண்ணியைப் போயி குழந்தைக்குக் குடுக்கறாங்க. சொன்னாக் கேக்கறதில்லீங்க."

உள்ளே ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. துளசிமணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் ஒரு துண்டுக்குள் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். நெற்றியில் ஒரு காயம்.

"நேத்து ஒரு அம்மா வந்து கல்லெடுத்து அடிச்சுப்போட்டுப் போச்சுங்க. நான் தொட்டும் அதோட குழந்தை செத்துப்போச்சாம். எந்தக் குழந்தைன்னுகூட எனக்குத் தெரியலீங்க. கடைவீதியில புடிச்சு இழுத்து எத்தன பேர் என்ற கையைக் குழந்தை மேல வெச்சாங்களோ." அவள் மெதுவாகத்தான் பேசினாள். "அன்னைக்கு என்னைத் தொடப் பயந்தாங்க. இன்னைக்கு என்னைத் தொடாமப் போகப் பயப்படறாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது."

"நான் கலெக்டர்கிட்டப் பேசறேன் துளசி. வேற ஊருக்கு..."

"வேற ஊருக்குப் போனாலும் இது என்ற உள்ளதானுங்களே வரும்." அவள் முன்னால் குனிந்தாள். "ஒரே ஒரு உதவி பண்ணுங்க மேடம். இதை என்ற உடம்புல இருந்து எடுத்துருங்க. மருந்துன்னாலும் சரி, ஊசின்னாலும் சரி. எத்தன கசப்பா இருந்தாலும் குடிக்கறன். நீங்க இதைப் பத்தியே படிச்சவங்க. ஒண்ணாவது இருக்குமில்லீங்களா?"

வாழ்நாள் முழுக்கக் கோகிலம் படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான்.

"இல்ல துளசி" என்றார்.

கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரரின் குரல் தாழ்ந்து கேட்டது.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. வேற யாரையும் உள்ளே விடலீங்க. என்ற வீட்டுக்காரிதான் வந்திருக்கா. குழந்தை பொறந்து பத்து நாள்தான் ஆகுது. ஒரே ஒரு தடவை..."

துளசிமணி கோகிலத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவும், போ என்று சொல்லவும் கோகிலத்தால் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

துளசிமணி துண்டிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு, தாழ்ப்பாளைத் திறக்க எழுந்து போனாள்.